சந்தனப் பொட்டு வைத்த குழாய்

அலுவலகம் இடம் மாறுகிறது. மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டியபோது, பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கும் காய்ந்த பேனாக்களுக்கும் நடுவிலிருந்து அது உருண்டு வந்தது. விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் சாம்பல் நிற மூடி, பக்கவாட்டில் இன்னும் உதிராத ஒரு சந்தனப் பொட்டு. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வாசம் ஒன்றும் இல்லை. எதிர் மேசைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்திருப்போம்.

நம் வேலையை யாருக்கும் விளங்க வைக்க என்னால் முடிந்ததே இல்லை. "சுற்றாடல் எண்டால் என்ன பிள்ளை, குப்பை பொறுக்கிறதோ?" என்று அம்மாவின் சிநேகிதிகள் கேட்பார்கள். அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் கட்டுப்படாத ஓர் ஆய்வு நிறுவனம், ஐரோப்பாவின் சில நகரங்களில் சின்னச் சின்ன அலுவலகங்கள், சட்டம் தாளில் சொல்வது தெருவில் நடக்கிறதா என்று பார்த்து எழுதுகிற வேலை என்று சொல்லிப் பார்ப்பேன். "அப்ப கவுன்சில் வேலை" என்று முடித்துவிடுவார்கள். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருந்த நம் லண்டன் அலுவலகத்தில் தமிழ் பேச இரண்டே பேர். நீ மதுரையில் வேதியியல் படித்துவிட்டு வந்தவள். நான் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண்.

நான் கோபத்தோடுதான் அந்த வேலைக்கு வந்தேன். வசதியான தெருவில் மரம் நடுகிறார்கள், எங்கள் தெருவில் லொறி விடுகிறார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு ஷிப்ட் முடித்து வந்து படுப்பார்கள். ஊரை நிர்வகிக்கும் கவுன்சிலுக்குக் கடிதம் எழுத அவர்களுக்கு ஏது நேரம்? அது தெரிந்துதான் லொறி வருகிறது. பார்க்கிங்கில் குப்பை தரம்பிரிக்கும் நிலையம் ஒன்று வரப்போகிறது, அதன் லொறிகள் என் அக்காவின் மகள் படிக்கும் ஆரம்பப் பள்ளி வாசலால் போகப்போகின்றன என்று தெரிந்தபோது, எல்லா நகரங்களின் காற்றைப் பற்றியும் நம் நிறுவனம் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையில் அந்தத் தெருவுக்கு ஓர் அத்தியாயம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். நீதான் எனக்காகத் தலைவரிடம் பேசினாய்.

அந்தத் தெருவின் காற்று ஏற்கெனவே சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று காட்டினால், லொறிகளுக்கு அனுமதி கொடுப்பது கவுன்சிலுக்குச் சுலபமில்லை. அதைக் காட்டத்தான் இந்தக் குழாய்கள். மூடியைக் கழற்றி, வாய் கீழே பார்க்க, மாதம் முழுவதும் தெருவிலேயே தொங்கவிட வேண்டும். உள்ளே பூசிய மருந்து வாகனப் புகையின் நச்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எண் வரும். ஐந்து இடங்களை நீ வரைபடத்தில் குறித்தாய். நான் போய்த் தொங்கவிட்டேன். பள்ளி வாசலுக்கு மிக அருகில் இருந்தது ஒரு தமிழ்க் கடையின் சுவர். பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த அண்ணை ஒருவரின் கடை.

"இது முக்கியமான சாமான் அண்ணை. பத்திரமாப் பாருங்கோ" என்றேன்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. என்ர பிள்ளை மாதிரிப் பாப்பன்."

மூன்று மாதம் குழாய் மாற்றினேன். போனதெல்லாம் காலை நேரத்தில், வேலைக்குப் போகும் வழியில். முதல் இரண்டு மாதமும் ஐந்து இடங்களில் கடைச்சுவர் எண்தான் மிக உயரம். அதை அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், முதல் வரியில் போட்டேன். லொறி அனுமதி பற்றிய கவுன்சில் விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கறிவேப்பிலை வேண்டும் என்று நீதான் என்னை அந்தக் கடைக்கு இழுத்துப்போனாய். சுவரில் கொளுக்கி மட்டும் இருந்தது. குழாயைக் காணோம். யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று உள்ளே ஓடினேன். கல்லாவுக்குப் பின்னால் சாமித்தட்டு. முருகன் படம், எரியும் விளக்கு, சாம்பிராணிப் புகை. நடுவில், சந்தனப் பொட்டோடு நம் குழாய்.

"அண்ணை, இது ஏன் இஞ்ச?"

"பொழுதுபட்டால் உந்தப் பொடியள் வெளியில ஒண்டையும் விட்டு வைக்கிறாங்கள் இல்லை. மழை வேற. ஒவ்வொரு பின்னேரமும் எடுத்து உள்ளுக்கு வைச்சிட்டு, விடியக் கொழுவி விடுவன். நீங்கள்தானே பத்திரமாப் பாக்கச் சொன்னனீங்கள்?" அவர் முகத்தில் அத்தனை பெருமை. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, அதுதான் சந்தனமும் வைச்சனான்."

நீ அரிசி மூட்டையில் சாய்ந்து சிரித்தாய். "மூணு மாசமா முருகன் விட்ட மூச்சை அளந்திருக்கோம்டி!" அண்ணையும் ஏனென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் உன் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த நம்பரை எடுத்துடணும்."

"உனக்கு விசரே? மிச்ச நாலும் எல்லைக்குக் கிட்டத்தான் நிக்குது. இதுதான் எங்களிட்ட இருக்கிற ஒரே பலம்."

"ஆமா. ஆனா அதுல சாமி விளக்குப் புகையும் சேர்ந்திருக்கு. அது தப்பான நம்பர்."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும். முருகனுக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேருக்குடி தெரியணும்?"

"நீ ஒருநாள் மதுரைக்குப் போயிடுவாய். அந்தப் பள்ளிக்கூடத்தில படிக்கிறது என்ர அக்காவின்ர பிள்ளை!"

"அதனாலதான்டி சொல்றேன்" என்றாய். உன்னோடு ஏறாமல் நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

திங்கட்கிழமை நீ அந்த வரியை நீக்கினாய். அதே இடத்தில், ஓர் அளவு கைவிடப்பட்டது, குழாய் மாலைகளில் உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தது, சரியாகச் சொல்லிக் கொடுக்காத தவறு எங்களுடையது என்று எழுதினாய். 'எங்களுடையது' என்று நீ எழுதியதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. தவறு முழுக்க என்னுடையது. மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு உனக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். நீ எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் போட்டாய், கடைசியில் 'அன்புடன்' வேறு.

விசாரணையன்று, குப்பை நிலையம் கட்டவிருந்த கம்பனியின் நிபுணர் எழுந்து ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டார். மங்கிய மாலை நேரம், கடைச்சுவர், வெறும் கொளுக்கி. "காற்றை அளக்கும் குழாய் எங்கே போயிற்று? இந்த நிறுவனத்தின் எந்த எண்ணை நாம் நம்புவது?" என்று உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். அந்த வரி இருந்திருந்தால் மற்ற நாலு குழாய்களும் அன்றைக்கே செத்திருக்கும். மற்ற நகரங்களில் நம் ஆட்கள் எழுதிய அத்தியாயங்களையும் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அக்கா பார்வையாளர் வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நீ எழுந்து, அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் பார்க்கச் சொன்னாய். அவ்வளவுதான். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. ஒரு வயதான உறுப்பினர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பந்தியைச் சத்தமாக வாசித்தார். நிபுணர் தன் பிரதியைத் தேடினார். நம் அறிக்கையை அவர் பின்பக்கத்திலிருந்து படித்திருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மேல்தட்டு முன்சீட்டில் உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் ஒரு விசரி" என்றேன்.

"தெரியும்" என்றாய். "முதல் பக்கத்துல போட்டுடலாமா?"

தீர்மானத்தைத் தள்ளிவைத்து மறுபடி அளக்கச் சொன்னார்கள். இந்தமுறை கை எட்டாத உயரத்தில், பள்ளி வாசல் விளக்குக் கம்பத்தில் கட்டினோம். ஆறு மாதம் கழித்து, மழையும் வெயிலும் பட்ட உண்மையான எண் வந்தது. எல்லைக்கு மேலே. லொறிகளைக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் இன்றைக்கும் கார்கள் முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன, எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் லொறி வரவில்லை. அக்காவின் மகள் அந்த வாசலால் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

அடுத்த வருடம் நீ லீவில் ஊருக்குப் போனாய். திண்டுக்கல் சாலையில் விபத்து. செய்தி மின்னஞ்சலில் வந்தது, ஆங்கிலத்தில். இறந்தவர்களிடம் சொல்லாமல் விட்டதை நினைத்துத்தான் மனிதர்கள் அழுவார்கள் என்கிறார்கள். நான் சொல்லிவிட்டேன். அந்த பஸ்ஸில், அந்தச் சீட்டில், சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே அதை எத்தனையோ தடவை எண்ணி ஆறியிருக்கிறேன்.

ஆய்வுகூடத்துக்குப் போகாமல் தங்கிவிட்ட இந்தக் குழாயைப் புது அலுவலகப் பெட்டியில் போடவில்லை. கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். போன வாரம் லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் புதுக் குழாய் ஒன்றைக் கட்டினேன். வீட்டுக்கார அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"மழை வந்தால் உள்ளுக்கு எடுத்து வைக்கட்டே?"

"வேண்டாம் அக்கா, நனையட்டும். தயவுசெய்து இதைப் பத்திரமாப் பாக்காதேங்கோ."

அவர் சிரித்தார். அன்று மழை பெய்தது. பொழுதுபட்ட பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தேன். நனைந்துகொண்டு, வாய் கீழே பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.