கிணறு உட்பட

என்னங்க,

இதை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீஸுக்கு அனுப்புகிறேன். "வாடகைக்கு இருந்து பார்த்தாச்சு, பிடிச்சிருக்கு, வாங்கிடலாம். இன்னும் என்னத்தக் குடையுற?" என்று சலித்துக்கொண்டீர்களே, அந்த வீட்டின் பழைய பத்திர நகல்கள் நான் வேலை பார்க்கும் இந்த ஊருக்கு இன்று தபாலில் வந்தன.

வீட்டுக்காரரும் மனைவியும் சேர்ந்து வாங்கிய பத்திரத்தில், "பின்பக்கக் கிணறு உட்பட" என்று இருக்கிறது. டீச்சரான அந்த அம்மா, பக்கத்துக்குப் பக்கம் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஏழு வருடம் கழித்து, தன் பாதியைக் கணவருக்கே எழுதிக் கொடுத்த பத்திரத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து இல்லை. கைநாட்டுதான். அதில் கிணறும் இல்லை.

"பின்னறை கட்டின வருஷம் கோவிச்சுக்கிட்டுப் போனவதான், திரும்பல" என்று வீட்டுக்காரர் நம்மிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பத்திரமும் அதே வருடம்தான்.

மனசில் ஓடுவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பின்னறைத் தரை மட்டும் எப்போதும் சில்லென்று இருக்கிறது, பாப்பா அங்கேயே உருண்டு விளையாடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இதைப் படித்த உடனே அவளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுங்கள். சாமான் கிடக்கட்டும். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் கேட்டால், எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் வராது, தெரியும். இந்த ஒரு தடவை வரட்டும்.

கிணறு என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நச்சரிப்பு