முகம் பார்த்து வாங்கிய விளக்குகள்

மார்ச் 4, செவ்வாய்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. கூடத்திலும் குளியலறையிலும் மொட்டை பல்பு, மற்ற அறைகளில் வெறும் கம்பி. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தாறு வயதில் புதுப்பெண் மாதிரி இளிக்காதே என்று கண்ணாடி முன் நின்று என்னை நானே அதட்டிப் பார்த்தேன். இளிப்பு அடங்கினால்தானே.

நாடக மேடைகளுக்கு ஒளியமைக்கிறவர், போன மாதத்திலிருந்து என் கணவர். பெயரை எழுத வெட்கமாக இருக்கிறது, லைட்காரர் என்றே இருக்கட்டும். விளக்கு விஷயத்தைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்கிறார். விடுவேனா? மூக்குக்கண்ணாடிக் கடையில் வருஷக்கணக்காக முகம் பார்த்து ஃபிரேம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். எனக்கும் கண் இருக்கிறது.

மார்ச் 5

என் மகள் குட்டியிடம் போனில் பேசினேன். எங்கள் கல்யாணம் முடிந்ததும் என் அக்கா வீட்டுக்குப் போனவள், இன்னும் அங்கேதான். கோபமெல்லாம் இல்லையாம். "வீட்ட பாத்துட்டு சொல்றேன்மா" என்றாள். பதினாறாம் தேதி வருகிறாள்.

பதினேழு வயசு. அவள் அப்பா போனதிலிருந்து அவளும் நானும்தான். பார்த்துவிட்டு, பெரியம்மா வீட்டிலேயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டா? நான் என்ன பண்ணுவேன்? — வேண்டாம், இதை எழுதவே கை வரவில்லை.

மார்ச் 8, சனி

இன்று விளக்குக் கடையில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் பாக்கியில்லை.

லைட்காரர் என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு விளக்காகப் பக்கத்தில் ஏற்றி, பின்னால் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். முகத்தை இடது பக்கம் திருப்பச் சொன்னார். நான் விட்டேனா? ஷேடுகளை எடுத்து அவர் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வட்ட முகத்துக்கு வட்டம் எடுபடாது, சதுரம் காட்டுங்கள் என்றேன். கடைப்பெண் ரொம்பப் பொறுமையாக, "ஷேட விளக்குக்குத்தான் மாட்டுவோம், மேடம்" என்றாள்.

கூடத்துக்குத் தேன் நிறத் துணி ஷேடு போட்ட ஆளுயர விளக்கு. சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கப் பிரம்பு ஷேடு. குட்டி அறைக்கு இளஞ்சிவப்புக் கண்ணாடி. சமையலறைக்குக்கூட மங்கலாக ஒன்று. "இந்த வெளிச்சத்துல யாருக்கும் கோவமே வராதுங்க" என்றார். நம்பினேன். அவர் சொன்னால் எதையும் நம்புகிற நிலைமையில் இருக்கிறேன்.

மார்ச் 9

டியூப் லைட்டே கிடையாது என்று முடிவாகிவிட்டது. அவருக்கு அது எட்டிக்காய்.

மார்ச் 12

விளக்கு மாட்டுகிறோம். ஒன்றை மாட்டுவது, அதன் கீழே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது. வேலை எங்கே நகரும்? இன்னும் 'வாங்க, போங்க' தான். அதுவே ஜாலியாக இருக்கிறது.

மார்ச் 15

நாளைக்கு வருகிறாள். அவள் அறையை மூன்று தடவை பெருக்கிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இருட்டத் தொடங்கியதும் வந்தாள். எல்லா விளக்குகளும் எரிந்தன. கூடத்தில் என் பெண் நின்ற அழகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. லைட்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

நாளைக்குப் பரீட்சையாம். புத்தகத்தை எடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள். தன் அறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தேடினால், குளியலறை வாசலில் நின்றபடி படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கேதான் பழைய வெள்ளை பல்பை நாங்கள் மாற்றவில்லை. போதாததற்கு, ஆம்லெட்டில் உப்பு என்று நினைத்து நான் சர்க்கரையைப் போட்டிருந்தேன்.

"அம்மா, இந்த வீட்ல யாராவது எதையாவது படிப்பீங்களா? இல்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டே இருப்பீங்களா?"

மேடையில் யாரும் நிஜமாகப் படிப்பதில்லையே என்று லைட்காரர் முனகினார். விளக்கே தொழிலாக இருக்கிறவரும் கண்ணாடி விற்கிறவளும் சேர்ந்து, புத்தகம் தெரியாத ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறோம். எங்கள் முகத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்தோமே, அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டோமா?

இங்கே இருப்பாளா மாட்டாளா என்று சொல்லாமலே அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அழுதேன்.

மார்ச் 17

போன் வரவில்லை. கடையில் மூன்று பேருக்குப் படிக்கிற கண்ணாடி விற்றேன்.

மார்ச் 19

குட்டி கூப்பிட்டாள். என்னை இல்லை, அவரை!

தன் அறைக்குத் தானே விளக்கு எடுக்கப் போகிறாளாம், சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னாளாம். "அம்மா வேணாம், அவங்க என் மூஞ்சிக்குப் பொருத்தம் பாப்பாங்க"ன்னும் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது லைட்காரருக்கு வாயெல்லாம் பல். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் சமையலறைக்குள் போய்க் குதித்தேன்.

மார்ச் 22, சனி

சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்கள். ஷேடே இல்லாத விளக்கு, ஆஸ்பத்திரி வெள்ளை. கண் கூசும் என்றால் கேட்கவே மாட்டேன் என்கிறாள் என்று அவர் என்னிடம் முறையிட்டார். "இவரப் பேசாம இருக்கச் சொல்லும்மா" என்று அவளும் என்னிடம்தான். வருகிற வழியிலேயே அக்கா வீட்டில் நிறுத்தி, துணிமணி எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட்டார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரெண்டு பேரும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வெள்ளை வெளிச்சம் அவள் அறையைத் தாண்டி வந்து எங்கள் தேன் நிறக் கூடத்தைப் பாதிக்கு மேல் நாசம் செய்துவிட்டது. லைட்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"கதவ லேசா சாத்திக்கச் சொல்லட்டுமா?"

"வேணாங்க. தெறந்தே இருக்கட்டும்."

என் நரை முடி ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.