ஃபில்டருக்கு முன்னால் பிடித்த எண்ணெய்

அன்பு மகள் ரூஹிக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் எங்களுக்கு உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நலமாக இருக்க துஆ செய்கிறோம்.

நீயும் போனில் "பேசாம கையெழுத்து போட்டுடு அத்தா" என்று சொல்லிவிட்டாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எண்ணூரில் புதிதாக நிறுத்தியிருக்கும் கிரேனுக்கு எண்ணெய் போகிற குழாய் என் முழங்கை தடிமன், உள்ளே பூராவும் வெல்டிங் பொடி. பம்போ சின்னது. எண்ணெயை மட்டும் ஓட்டினால் அது பாட்டுக்கு மெதுவாகப் போய் வரும், பொடி அடியிலேயே படுத்திருக்கும். கூடவே நைட்ரஜன் கேஸையும் விட்டால்தான் முட்டி மோதிச் சுரண்டிக்கொண்டு வரும். நம் தெருக்குழாயில் முதல் தண்ணீர் காற்றோடு துப்பும்போது துருவெல்லாம் வருமே, அப்படி. முப்பது வருஷமாகக் குழாய் கழுவுகிறவன், எஞ்சினியர் விமலிடம் நாலு நாளாகத் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன். நைட்ரஜன் சிலிண்டர் வர ஒரு வாரம் ஆகுமாம், வேலை அதுவரை பொறுக்காதாம். வெறும் எண்ணெயை ஓட்டிவிட்டு, சாம்பிளை ஃபில்டருக்கு அப்புறம் பிடித்து, "பாரு பாய், கண்ணாடி மாதிரி கீது" என்கிறான். வடிகட்டின டீயில் தூள் தேடுகிற கதை! இதற்குச் சுத்தம் என்று நான் கையெழுத்துப் போடணுமாம்.

உன் தம்பி ஒவைஸ்தான் அந்தக் கிரேனுக்கு ஆபரேட்டர், ஒன்றரை வருஷம் அலைந்து கிடைத்த வேலை. "இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீற" என்று கேட்டவன், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உன் அம்மாவும் அவன் பக்கம். பொறுக்க முடியாமல் நேற்று ஃபில்டருக்கு முன்னால் இருக்கிற வால்வைத் திறந்து, அம்மாவின் ஊறுகாய் பாட்டிலில் எண்ணெயைப் பிடித்து வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடியில் கருப்பாகப் பொடி இறங்கிவிட்டது. இது உள்ளே போய்ச் சிக்கினால் தூக்கின சரக்கு நிற்காதுடா, கீழே ஆள் நிற்பான் என்றேன். எழுந்து போய்க் கை கழுவினான்.

காலையில் பாட்டிலைக் காணோம். ஒவைஸ்தான் கொண்டுபோய் விமல் மேஜைமேல் வைத்து "குழாய கழுவாம நான் ஏற மாட்டேன் சார்" என்றிருக்கிறான். கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அவனை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அது என் சண்டையடா, நீ ஏன் வேலையை விட்டாய் என்று கத்தினேன். "மேல குந்தப் போறது நீயா நானா" என்று கேட்கிறான். அம்மா எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை, பாட்டில் போனதற்கும் சேர்த்து.

வேறு ஆளை ஏற்றவும் என் கையெழுத்து வேண்டும், நாளைக்கும் போட மாட்டேன். தம்பிக்குப் போன் செய், புத்தி சொல்லாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
இந்தத் தாளில் மட்டும் மனதாரக் கையெழுத்துப் போடும் உன் அத்தா,
அமீருதீன்