மூன்றாவது பாட்டில் ஒரு ஹம்

பிப்ரவரி 3

அன்புள்ள பொடியனுக்கு,

நாற்பது வயது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனைப் பொடியன் என்று எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை.

போனில் பேசினால் அம்மா கட்டிலில் இருந்தபடியே பாதியைக் கேட்டுவிடுகிறாள். கால்தான் வரவில்லையே தவிர, காது இன்னும் கூர்மை. அதனால்தான் கடிதம்.

அம்மா பாடிய கேசட்டை அனுப்புகிறேன், மனமில்லாமல்தான். போன மாதம் நீ வந்திருந்தபோது அது ஓடும் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம்கூட உன்னால் உட்கார முடியவில்லை. "எப்படிக்கா இந்தத் தகர டப்பால தினமும் கேக்கறீங்க?" என்றாய். மாலையில் நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே அதைப் போடுவேன். அடுத்த அறையில் அம்மா இரண்டாம் பாட்டிலிருந்து தானும் முணுமுணுப்பாள். நாள் முழுக்க அவள் தானாக வாய் திறப்பது அப்போது மட்டும்தான்.

உன் வீட்டிலும் நான் பாட்டு கேட்டிருக்கிறேன். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தக் கூடாது, இருமக் கூடாது. எதைப் போட்டாலும், "அந்த மணிச் சத்தம் கேட்டியா, பின்னால யாரோ பக்கம் திருப்பறான் கேட்டியா" என்பாய். பாடினவர் எப்படிப் பாடினார் என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. நீ பாட்டைக் கேட்பதில்லை, பெட்டியைக் கேட்கிறாய்.

ஆனால் டேப் இரண்டு இடத்தில் சிக்குகிறது. அறுந்துபோனால் அம்மாவுக்கு ஒன்றுமே இருக்காது. பிரதி எடுத்து அனுப்பு. பிரதி மட்டும்.

அக்கா

மார்ச் 9

என் அருமை அக்காவுக்கு,

"பிரதி மட்டும்" என்பதற்கு அடியில் நீ இரண்டு கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், அம்மாவின் குரலை அந்தக் குப்பையோடு திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

ஐந்து வாரம் ஆயிற்று. நாய், வாளிச் சத்தம், பஸ் ஹாரன், நடுவில் ஒரு குழந்தையின் அழுகை (நான்தானே?) எல்லாம் போய்விட்டது. பெரிய தலைவலி ஒரு ஹம். மின்சாரக் கம்பியிலிருந்து பதிவுக்குள் புகுந்துவிடும் அடித்தொனியை எங்கள் ஸ்பீக்கர் பைத்தியக் கூட்டத்தில் அப்படிச் சொல்வோம். முதலிலிருந்து கடைசிவரை அம்மாவின் சுருதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுநடுவே மூச்சு வாங்குவதுபோல் விட்டுவிட்டு வேறு வருகிறது. பழைய வயரிங் அப்படித்தான். மூன்றாவது பாட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அம்மாவும் பாவம், ஏமாந்துபோய் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறாள். அதையும் நிமிர்த்திவிட்டேன். இப்போது அம்மா எங்கேயும் தவறவில்லை.

கேசட் தாங்கவில்லை. இரண்டாவது முறை ஓட்டியபோது பூச்சு உதிர்ந்து துண்டு துண்டாகிவிட்டது, தூக்கிப் போட்டேன். கணினியில் இருந்த அழுக்குப் பதிவையும் அழித்துவிட்டேன். புதுக் கண்ணாடி போட்ட பிறகும் பழையதைப் பொத்தி வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, தெரியுமே.

நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் சேர்த்து அனுப்புகிறேன். அம்மா என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. அவள் என்னைப் பாராட்டி எனக்கு ஞாபகமே இல்லை.

உன் பொடியன்

மார்ச் 17

பொடியா,

ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

முதல் பாட்டை அம்மா முழுதாகக் கேட்டாள். பிறகு, "ரொம்பச் சுத்தமா இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி" என்றாள். இரண்டாம் பாட்டில் முணுமுணுக்கவில்லை. மூன்றாவதில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அவர் எங்கடி? அவரை விட்டுட்டு நான் மட்டும் எப்படி மேலேயே நிக்கறேன்?" என்றாள்.

அது ஹம் இல்லை. அப்பா.

பதிவு செய்த அன்றைக்குச் சுருதிப்பெட்டியின் துருத்தி கிழிந்துவிட்டது. "நான் பிடிக்கறேன், நீ பாடு" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அரை மணி நேரமும் சுருதி பிடித்தார். அவருக்குப் பாட்டு வராது. மூன்றாவது பாட்டில் களைத்துப்போய் இறங்கினார். அம்மா ஏமாறவில்லை. அவரைத் தனியாக விட மனமில்லாமல் தானும் கூடவே இறங்கினாள். மேடையில் எத்தனையோ பேர் பாடக் கேட்டிருக்கிறேன். இன்னொருவருக்காக அப்படி இறங்கியவர் யாரையும் கேட்டதில்லை.

உனக்கு இரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோய்விட்டார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

எங்காவது ஒரு துண்டு இருக்கிறதா? தேடு. குப்பையிலும் தேடு.

அக்கா

மார்ச் 25

அக்கா,

இல்லை. எங்கேயும் இல்லை. கணினி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "அதுமேலயே நூறு தடவ எழுதியிருக்கீங்க சார். எலும்புகூட மிஞ்சல" என்றார்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்து வாரம் நானும் அப்பாவும் மட்டும் இருந்திருக்கிறோம். அவர் மூச்சு விட்ட இடங்களையெல்லாம் தாளில் குறித்துவைத்து, ஒன்றுகூட விடாமல் அழித்தேன்.

அந்தத் தாள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நானே வாயை மூடிச் சுருதி பிடித்து, அம்மாவின் பாட்டுக்கு அடியில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது பாட்டைப் பழையபடி இறக்கிவிட்டேன். நான் அவர் பிள்ளைதானே. அம்மாவுக்குப் போட்டுக் காட்டு.

ஒன்று கேட்கிறேன். அவர் பேசினால் குரல் எப்படி இருக்கும்?

பொடியன்

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பியது வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கே போட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். "சுருதி சரியா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆள் இல்ல" என்றாள்.

உன்மேல் கோபமில்லை அவளுக்கு. "பாவம், கஷ்டப்பட்டிருக்கான். போதும்னு எழுது" என்றாள். அதன் பிறகு எதையும் போடச் சொல்வதில்லை. முணுமுணுப்பதும் இல்லை. மாலையில் என் கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்கிறது. நீ பாராட்டும்படியான தெளிவு.

உன் கேள்விக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அம்மாவிடமே கேட்டும் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மறந்திருக்க நியாயமில்லை. அவர் என்னைக் கூப்பிட்டது, திட்டியது, கதவைத் திறக்கும்போதே ஏதாவது கேலி பேசிக்கொண்டு வந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. வார்த்தைகள் இருக்கின்றன, குரல் இல்லை. தினமும் அந்தக் கேசட்டைக் கேட்டு, அதுதான் அவர் குரல் என்று வைத்திருந்திருக்கிறேன்.

நீ அனுப்பியதை நான் ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு தடவைகூடக் கேட்டிருக்கக் கூடாது. இப்போது கண்ணை மூடினால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் சுருதி பிடிக்கிறாய். மூச்சு விடும் இடங்கள்கூடச் சரியாக இருக்கின்றன.

அக்கா