நான் மொழிபெயர்த்த மன்னிப்பு

மகள் வேலைக்குப் போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரப் பருத்தியில் சூடு படும்போது எழும் அந்த வாசம் வீடெல்லாம் பரவியிருந்தது. தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி. முன்பு கருக்கலைப்புக்கு உரிமை கொடுத்த அதே நீதிமன்றம் இப்போது அதைத் திருப்பி எடுத்துக்கொண்டதாம். நீதிமன்ற வாசலில் ஒரு கூட்டம் அழுகிறது, பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் ஆடுகிறது. இனி ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்குச் சட்டம் போடும், பெண்கள் மாநிலம் விட்டு மாநிலம் போவார்கள், வரும் தேர்தலே இதை வைத்துத்தான் நடக்கும் என்றார் செய்தியாளர். மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இஞ்சயும் முந்தி இப்பிடி இருந்ததோ?"

"ஓம்" என்றேன். உங்கள் முகம் வந்து முன்னால் நின்றுவிட்டது.

ஜெர்மன் மொழியில் உங்களை நான் 'நீ' என்றுதான் அழைத்தேன். முதல் நாளே நீங்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் அது வரமாட்டேன் என்கிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள். பீல் நகரத்திலிருந்து உங்கள் தங்கை தொலைபேசியில் அழைத்து நீங்கள் காலமாகிவிட்டதாகச் சொன்னபோதும், மனதுக்குள் நான் உங்களிடம் 'நீங்கள்' என்றுதான் பேசினேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் வில் நகரத்துச் சலவைத் தொழிற்சாலையில், எண்பதுகளின் நடுவில், நாம் இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகள். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் பெரிய உருளையில் சூடாக வெளியே வரும். அவற்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, திரும்பிப் போக வேண்டும். கிட்ட வரும்போதெல்லாம் நீங்கள் ஒரு ஜெர்மன் சொல்லைச் சொல்வீர்கள், அடுத்த விரிப்பில் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் விரிப்பை வெடுக்கென்று இழுப்பீர்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வருமோ, திருப்பி அனுப்புவார்களோ என்று காத்திருந்த பொடியனுக்கு அந்த மாவட்டத்தில் கிடைத்த பள்ளிக்கூடம் அதுதான். என்னோடு அறையில் இருந்தவர்கள் எல்லோரையும்விட எனக்கு ஜெர்மன் நன்றாக வந்ததும் உங்களால்தான். அதுவே பின்னால் எனக்கு வினையாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு வாக்கெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கருவில் இருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டுமா, வேண்டாமா? ரயில் நிலையத்தில் சுவரொட்டிகள், கன்டீன் மேசைகளில் துண்டுப் பிரசுரங்கள். அவற்றைக் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் பிரிவின் மைஸ்டர், அதாவது மேற்பார்வையாளர். நல்ல உயரம், நல்ல குரல், ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு தேவாலயம் போகிறவர். "அமெரிக்காவில் நீதிபதிகள் கதவைத் திறந்துவிட்டார்கள். இங்கே மக்கள் சாத்துவார்கள்" என்று அவர் சூப் குடித்துக்கொண்டே சொன்னது எனக்குக்கூட விளங்கியது. அன்று பிற்பகல் நீங்கள் விரிப்பின் மறுமுனையில் நின்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்: "அங்கே நீதிபதிகள். இங்கே மக்கள். என்னை எந்த நாட்டில் கேட்பார்கள்?"

அது ஏதோ பொதுவாகச் சொன்னது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் நீங்கள் கேட்டீர்கள், சூரிச்சுக்குத் துணையாக வர முடியுமா என்று.

அந்தக் காலத்துச் சட்டப்படி, பெண்ணின் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து என்று இரண்டாவது மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் கலைக்கலாம். எங்கள் மாநிலத்தில் அப்படி எழுதுகிறவர் அருமை. நீங்கள் போய்ப் பார்த்தவர் "நீங்கள் திடமாகத்தானே இருக்கிறீர்கள்" என்று கதவைத் திறந்து வழியனுப்பிவிட்டாராம். சூரிச்சில் எழுதினார்கள். ஆனால் திரும்பி வரும்போது கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். "இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உனக்கு ஒருவரையும் தெரியாது. அதனால் நீ வா" என்றீர்கள். எனக்கு ஒரே நேரத்தில் பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

போகும்போது ரயிலில், அது யாருடையது என்று நீங்களாகவே சொன்னீர்கள். மைஸ்டருடையது. அவரிடம் சொன்னபோது, "என் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது" என்றாராம். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். வயல்களில் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன்.

காத்திருக்கும் அறையில் அந்தத் தாதி என்னைப் பார்த்த பார்வை இன்னும் உடம்பில் இருக்கிறது. கடுமையான பார்வை இல்லை, இரக்கமான பார்வைதான். அவன்தான் காரணம், ஆனாலும் கூட வந்திருக்கிறான், பரவாயில்லை என்கிற இரக்கம். எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன். திரும்பும்போது நீங்கள் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டீர்கள். வின்டர்தூரில் ஏறிய ஒரு பெண் எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். எங்கள் தொழிற்சாலையின் இஸ்திரிப் பகுதியில் வேலை செய்கிறவள்.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. உங்கள் சுகவீன விடுப்பையும் அந்தத் தோளையும் ஊர் கூட்டிப் பார்த்து, நான்தான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் நாங்கள் ஆறு தமிழ்ப் பொடியன்கள். எங்களுக்கெல்லாம் பெரியவர் நடேசன் அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சமைக்கிறதும் அவர், சண்டை தீர்க்கிறதும் அவர். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"தம்பி, நான் கேள்விப்படுறது மெய்யோ?"

"நான் இல்லை அண்ணை."

"அப்ப ஆர்?"

"அது எனக்குத் தெரியும். சொல்ல ஏலாது."

"சொல்ல ஏலாதெண்டால் நீதான்ரா. எங்களை என்ன விசரர் எண்டு நினைச்சியோ?" அவர் அகப்பையைச் சட்டியில் தட்டினார். "ஏற்கெனவே தமிழரை அனுப்போணும் எண்டு பேப்பருக்குப் பேப்பர் எழுதுறாங்கள். நீ ஒருத்தன் செய்யிறது எங்கள் எல்லாற்றை தலையிலயும் விழும். விளங்குதோ?"

விளங்கியது. அவருக்கு ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகம் என்பதும் விளங்கியது. எனக்கும் அதே பயம். வேலை போனால் அடுத்த வேலைக்கு அனுமதி கிடைக்குமோ தெரியாது. விண்ணப்பக் கோப்பில் இது எப்படி ஏறுமோ அதுவும் தெரியாது. அந்தப் பயத்தில் எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய மனிதரிடம் நேரே போய், ஊர் முறைப்படி, பொடியனுக்காக மன்னிப்புக் கேட்பது. எந்தப் பெரிய மனிதர்? வேறு யார், மைஸ்டர்தான்.

மறுநாள் வேலை முடியும் நேரம் அண்ணையும் இன்னும் இருவரும் வந்து நின்றார்கள். மூவரும் இரவல் டை கட்டியிருந்தார்கள். அண்ணையின் கையில், கடையில் இருந்ததிலேயே பெரிய சொக்லேட் பெட்டி. சுவிஸ்காரனுக்குச் சொக்லேட்! வேறொரு நாளாக இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பேன். ஆனால் அவர்களில் யாருக்கும் ஜெர்மன் சரியாக வராது. என்னையும் உள்ளே இழுத்துப் போனார்கள்.

"எங்கட பொடியன் பிழை விட்டிட்டான். வயசுக் கோளாறு. இந்தமுறை மன்னிச்சு, வேலையால நிப்பாட்டாமல் விடச் சொல்லிக் கேள்" என்றார் அண்ணை.

நான் அண்ணையின் இரவல் டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லன்ரா!"

சொன்னேன். நீங்கள் கற்றுத்தந்த ஜெர்மனில், பிழையில்லாமல் சொன்னேன். 'மன்னிப்பு' என்ற சொல்லையும் விரிப்பின் முனையில்தான் படித்திருந்தேன். மைஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்லமாட்டேன் என்பதும் தெரிந்துவிட்டது. முகம் மெல்லத் தளர்ந்தது. "இளம் வயது, நடப்பதுதான்" என்றார். ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கினார். பெட்டியைத் திறந்து எங்களிடமே நீட்டினார். அண்ணை ஒன்று எடுத்தார். நானும் எடுத்தேன். அதை அவர் முன்னாலேயே வாயில் போட்டு விழுங்கினேன் என்பதை நினைத்தால் இந்த வயதிலும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மைஸ்டர் அதோடு விட்டிருந்தால் அந்தக் கதை அங்கேயே அடங்கியிருக்கும். மறுநாள் மதியம் பெட்டியைக் கன்டீனுக்குக் கொண்டுவந்துவிட்டார். மேசை மேசையாக நீட்டினார். "தமிழர்கள் மரியாதை தெரிந்தவர்கள். மூன்று பேர் வந்து மன்னிப்புக் கேட்டார்கள்" என்றார். நீங்கள், "எதற்கு?" என்று கேட்டீர்கள். இஸ்திரிப் பகுதிக்காரி குனிந்து உங்கள் காதில் சொன்னாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். குரலை உயர்த்தக்கூட இல்லை. "இவனுடையது இல்லை. இவன் எனக்குத் துணைக்கு வந்தவன். பிள்ளை மைஸ்டருடையது. வேண்டாம் என்று முடிவு செய்தது நான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாக்குப் போடுவீர்கள். இதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்." பிறகு உட்கார்ந்து சூப்பைக் குடித்து முடித்தீர்கள்.

வாக்கெடுப்பில் அந்த யோசனை தோற்றது. நாட்டளவில் நீங்கள் வென்றீர்கள் என்று சொல்லலாம். சலவைத் தொழிற்சாலையில் நிலைமை வேறு. மைஸ்டர் மைஸ்டராகவே இருந்தார். அவர் மனைவி உங்களைத் தெருவில் கண்டால் எதிர்ப் பக்கம் மாறினார். உங்களோடு விரிப்பு மடிக்க என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. என்னைப் பற்றி மட்டும் நல்ல பேச்சு, பாவம், வாயே திறக்காத பொடியன் என்று. கோடை முடிவதற்குள் நீங்கள் பீலில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டீர்கள்.

வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்தேன். அண்ணை ஆட்கள் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "உன் ஆட்கள் கேட்டார்கள், நீ கேட்கிறாய். என்னிடம் கேட்க வேண்டியவன் சொக்லேட் வாங்கிக்கொண்டான்" என்று சிரித்தீர்கள். உங்கள் பயணப்பெட்டியை ரயிலில் மேலே தூக்கி வைத்துக் கொடுத்தேன். நன்றி என்ற ஒரு சொல்லை அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

பிறகு வதிவிட உரிமை வந்தது, கலியாணம், மகள், குடியுரிமை. அதே கேள்வி இன்னொரு வடிவத்தில் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தபோது எனக்கும் வாக்கு இருந்தது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் முடிவு பெண்ணுடையது என்று இருக்கட்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்று எழுதி, உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். அது வென்றது. கோயிலில் நடேசன் அண்ணை, "நீ என்ன போட்டனி?" என்று கேட்டார். "நான் உதுகளில தலையிடுறேல்லை அண்ணை" என்றேன். அப்போது எனக்கு வேலையும் இருந்தது, வீடும் இருந்தது, கடவுச்சீட்டும் இருந்தது. யாரும் என்னை எங்கும் அனுப்பமாட்டார்கள்.

நேற்று மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அமெரிக்கச் செய்தி முடிந்து வானிலை போய்க்கொண்டிருந்தது, அவள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டாள். சொக்லேட்டில் சிரித்தாள். கன்டீனுக்கு வந்தபோது அவள் கண் கலங்கிவிட்டது.

"அவ எழும்பி அப்பிடிச் சொல்லேக்க உங்களுக்கு எப்பிடி இருந்ததப்பா?"

"பாவமா இருந்தது" என்றேன்.

பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாததை உங்களிடமாவது சொல்கிறேன். நீங்கள் எழுந்து நின்று உங்கள் மானத்தை அந்த மேசையில் எடுத்து வைத்தபோது, எனக்குப் பாவமாக இருக்கவில்லை. கோபமும் வரவில்லை. என் வேலை தப்பியது, என் பெயர் தப்பியது. அப்பாடா என்றுதான் இருந்தது.