சருகு மீனுக்குப் பின்னால்

நேற்றுக் காலை அலுமாரிக்கு மேலிருந்து உங்கள் பையை இறக்கினேன். நானாக இறக்கவில்லை. ஐந்து நாளாகக் குண்டசாலையில் வெயில் முகம் காட்டவில்லை. அறையெல்லாம் பூஞ்சண வாடை. "அம்மா, அப்பாட பேக்தான் நாறுது. ஒண்ணு நீங்க காயப் போடுங்க, இல்லாட்டி நான் தூக்கிப் போடுறேன்" என்று மகள் பாடசாலைக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனாள். வகுப்பில் படிப்பித்துப் படிப்பித்து வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான் இப்போது.

பையின் சிப்பை இழுத்ததும் எழுந்தது பூஞ்சண வாடை இல்லை. ரப்பரும் உப்பும் கலந்த வாடை. இத்தனை மலைகளுக்கு நடுவில், இரண்டு வருடம் மூடிக் கிடந்த பைக்குள், கடல் அப்படியே இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்டியில் பிறந்து, சமையலும் கோயிலுமாக இருந்தவள் நாற்பது வயதில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் இறங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் உங்கள் வேலை. குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற உங்களைத் திருகோணமலையில் சுழியோடிகளின் கடை ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள், சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் மெஷின் பழுதென்று. மெஷினைத் திருத்தப் போன மனிதர் சுழியோடப் பழகிக்கொண்டு வந்து நின்றார். அடுத்த வருடம் நானும் வர வேண்டும் என்றீர்கள்.

"எனக்கு நீந்தவே தெரியாதுங்க."

"நீந்த யாரு கூப்பிட்டா? கீழ போயி சும்மா கெடக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. பாடசாலை நீச்சல் தடாகத்தில் சின்னப் பிள்ளைகளோடு நின்று நீந்தப் பழகினேன். மீன்களின் பெயர்களை நூலகப் புத்தகங்களிலிருந்து பார்த்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். படகு எனக்கு வயிற்றைப் பிரட்டும் என்பதால் நாம் எப்போதும் கரையிலிருந்தே இறங்கினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நீங்களும் துடுப்புச் செருப்பை மாட்டுவோம். அலைக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடப்போம். பிறகு தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொள்ளும். வீட்டில் ஒருநாளும் கிடைக்காத அமைதி.

மற்றவர்கள் படகெடுத்துச் சுறாவும் ஆமையும் பார்க்கப் போவார்கள். "பெரிசப் பாக்க ஊரே போகும். சின்னதப் பாக்கத்தான் ஆளில்ல" என்பீர்கள். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே, ஆறு மீற்றர் ஆழத்தில், ஒரு கடற்புல் திட்டு இருந்தது. இரண்டு பாய் விரிக்கிற இடம். அதிலேயே முக்கால் மணித்தியாலம் அசையாமல் கிடப்போம். ஓடில்லாத நத்தை, நகக்கண் அளவு, ஓரமெல்லாம் நீலம். தலையில் பாசியைச் சுமந்துகொண்டு நடக்கும் நண்டு. சுண்டுவிரல் உயரக் கடற்குதிரை. பெரும்பாலும் நான்தான் முதலில் கண்டுபிடிப்பேன். "அரிசியில கல்லுப் பொறுக்குற கண்ணு! உனக்கு மட்டும் கடவுள் பவர் கூட்டிப் போட்டிருக்காரு" என்று கரையேறியதும் பொருமுவீர்கள்.

ஒருமுறை கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அக்கா பிடிச்சனீங்கள்?"

"ஒண்ணும் புடிக்கல. பாத்துட்டு வந்தோம்."

"பாக்கிறதுக்கோ இவ்வளவு சாமானும்?"

வீடு திரும்புகையில் தம்புள்ளை வரும்வரை பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

எழுத்து வேலையை நாம் பிரித்துக்கொண்டோம். கடலுக்கடியில் எழுதும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை உங்களிடம். கண்டதையும், கண்ட நிமிடத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பென்சிலால் குறிப்பீர்கள். பின்னேரம் நான் அதைக் கொப்பியில் ஏற்றிவிட்டு, பலகையைப் பற்பசை போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி வைப்பேன். கொப்பியில் கடைசி இரண்டு கட்டங்கள் 'நான்', 'நீங்கள்'. அந்தக் கட்டங்களில் அவரவர் கண்ணால் கண்டதை மட்டும், அவரவர் கையால்தான் எழுத வேண்டும். அது நான் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தால்தான் சருகு மீன் ஏழு வருடம் நம் கொப்பிக்குள் வரவில்லை.

கொப்பியே இல்லாத, நான் கூட வராத முதல் வருடம் நீங்கள் அதைக் கண்டதாகச் சொன்னீர்கள். காய்ந்த கடற்புல் இலையைப் போலவே இருக்குமாம். தலைகீழாகத் தொங்கி, இலை ஆடுகிற பக்கமே ஆடுமாம். அதற்கு நமக்குத் தெரிந்த தமிழ்ப் பெயர் இல்லாததால் நீங்களே பெயர் வைத்தீர்கள்.

"நீங்க பாத்தது சருகுதான். அதுக்கு மீன்னு பேரு வச்சிருக்கீங்க."

"சருகுக்குக் கண்ணு இருக்குமா புள்ள? அது என்னையப் பாத்துச்சு."

"எழுத மாட்டேன்."

"எழுதாத. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. நீ தொலைக்கிற சாவியெல்லாம் தேடித் தர்றவரு, ஒரு மீனக் காட்ட மாட்டாரா?"

கேலிக்குத்தான் சொன்னீர்கள். நான் நிசமாகவே கொளுத்தினேன், ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய செவ்வாய்க்கிழமை.

சுழியோடிக் கடை அண்ணன் முதல் நாளே நமக்குச் சொல்லித் தந்த சட்டம் ஒன்றும் இருந்தது. தண்ணீருக்கடியில் ஒருவர் பெருவிரலை மேலே காட்டினால் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டு பேரும் ஏற வேண்டும்.

நாம் கடைசியாக இறங்கிய அன்றைக்குப் புல் திட்டின் ஓரத்தில் ஓர் இலை மற்ற இலைகளைவிடக் கொஞ்சம் பிந்தி ஆடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இலைக்குக் கண் இருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் மணியடித்தது. அந்த நேரம் பார்த்து என் முகக்கண்ணாடிக்குப் பக்கத்தில் உங்கள் பெருவிரல் வந்தது. கண்ணை எடுத்தால் அது இலைகளோடு இலையாகிவிடும். திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிசம்.

நீங்கள் காத்திருந்தீர்கள்.

கரைக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்தீர்கள். "தோள்பட்ட இழுக்குது" என்றீர்கள். "சிலிண்டர் பாரம்" என்று துவாயை எடுத்துத் துடைத்துவிட்டேன். "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டீர்கள். "பாத்தேங்க. இலை மாதிரியேதான். நீங்க பாத்தீங்களா?" என்றேன். சிரித்தீர்கள். அது ஆமென்ற சிரிப்பா, என்னைச் சந்தோசப்படுத்துகிற சிரிப்பா என்று கேட்பதற்குள் பக்கவாட்டில் சரிந்துவிட்டீர்கள். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது.

மாரடைப்பு என்றார் டொக்டர். ஒரு நிமிசம் பிந்திவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். "ஒரு நிமிசத்துல என்னம்மா இருக்கு?" என்றார். மகளிடம் சொன்னேன், அவளும் அதையே சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதாள். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். "ஒரு நிமிசத்தையெல்லாம் ஆண்டவர் எண்ணிக்கிட்டா இருப்பாரு, மகளே?" என்றார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு கொப்பியை எடுத்து எழுதினேன்: 'சருகு மீன், ஒன்று. மேலேறப் பிந்தியது ஒரு நிமிடம்.' 'நான்' கட்டத்தில் சரி போட்டேன். 'நீங்கள்' வெறுமையாகக் கிடந்தது. உங்கள் கையால் எழுத வேண்டிய கட்டம்.

கடை அண்ணன் உங்கள் சாமான்களைப் பையில் போட்டு வேனில் கொண்டுவந்து தந்தார். திறக்காமலே அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். நேற்று அதிலிருந்து, நீங்கள் காற்று ஏற்றி மிதக்கிற சட்டையை எடுத்து உதறினேன். சட்டைப் பையிலிருந்து பலகை விழுந்தது. நான் துடைக்காத பலகை.

'38. மேல.'

அதற்குக் கீழே, எழுத்துகள் சரிந்து சரிந்து:

'41. ரெண்டு. பின்னால சின்னது.'

ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். உங்கள் எட்டு எப்போதும் போல உருண்டையாக இருந்தது. நாற்பத்தொன்று உங்கள் கை மாதிரி இல்லை.

நீங்கள் பெருவிரல் காட்டியதிலிருந்து மூன்று நிமிடம். நான் தூக்கிய ஒற்றை விரலைத்தான் இத்தனை நாளும் கணக்கென்று நினைத்திருந்தேன். கடிகாரத்தை நான் பார்க்கவில்லையே. டொக்டர் மன்னித்தது, மகள் மன்னித்தது, ஆண்டவர் பேரால் ஃபாதர் மன்னித்தது எல்லாம் ஒரு நிமிடத்துக்கு. மிச்ச இரண்டு நிமிடத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

தெரியாது என்று எழுதிவிட்டேன். அதுவும் முழுதாக உண்மை இல்லை. நீங்கள் மெதுவாக மூச்சு விடுகிறவர். தண்ணீருக்கடியில் உங்கள் பக்கம் குமிழி எழும், பிறகு நீண்ட இடைவெளி, பிறகு மறுபடி குமிழி. நம் கூரைத் தொட்டியில் தண்ணீர் ஏறும்போது இன்றைக்கும் அதே சத்தம் வருகிறது. பாத்திரம் கழுவுகிற கையை நிறுத்தி, அடுத்த குமிழி வரும்வரை நான் நிற்பேன். இந்த இரண்டு வருடமும் அப்படித்தான். அன்றைக்கு அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. என் காதுக்குக் கேட்டது. கேட்டும் கண்ணை எடுக்கவில்லை.

நீங்கள் ஏன் என் தோளைப் பிடித்து இழுக்கவில்லை? ஒருமுறை இழுத்திருந்தால் வந்திருப்பேனே. அதற்குப் பதிலாக மறுபக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். நெஞ்சு வலியோடு போய், நான் காணாததைக் கண்டிருக்கிறீர்கள். என் இலைக்குப் பின்னால் இன்னொரு இலை. சோடியாகத்தான் திரியும் என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். அரிசியில் கல் பொறுக்குகிற கண் ஒன்றோடு நின்றுவிட்டது.

நேற்றுப் பின்னேரம் கொப்பியைத் திறந்து 'ஒரு நிமிடம்' என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே 'மூன்று' என்று எழுதினேன். 'ஒன்று' என்றிருந்ததைத் திருத்தவில்லை. என் கண் கண்டது ஒன்றுதான். உங்கள் கட்டத்திலும் கை வைக்கவில்லை. பலகையை அந்தப் பக்கத்தில் வைத்து நூலால் கட்டியிருக்கிறேன். அதை இனி யாரும் துடைக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன், மூன்று என்றே சொன்னேன். இந்தமுறை அவள் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

வரும் சனிக்கிழமை மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். போனமுறை கணக்கைப் பிழையாகச் சொன்னேன் ஃபாதர், என்றுதான் தொடங்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கும் அவர் அதே பதிலைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

மழைக்கு முற்றமெல்லாம் பலா இலை. ஒரு சருகு மட்டும் சிலந்தி நூலில் மாட்டித் தலைகீழாக ஆடிக்கொண்டிருக்கிறது. காலையில் விளக்குமாற்றோடு போன நான் அதைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், குனிந்து, அதற்குப் பின்னால் பார்த்தேன்.