எந்த நாளிலிருந்து நாற்பது

ஆகஸ்ட் 13, புதன்
காலையிலிருந்து தூறல். அரை நாள் விடுப்பு. தங்கை செல்வியும் அவள் மகள் கவிதாவும் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். கௌதள்ளியிலிருந்து இரண்டு பஸ்.

குறை மாதப் பிள்ளை. ஜூலை 8 அன்று நடந்திருக்க வேண்டிய இரண்டாவது கண் பரிசோதனை, நாளைக்கு.

“நாப்பது நாள் ஆவாம கொழந்தைய வாசப்படி தாண்ட உடுவாங்களாக்கா?”

ஜூலையில் செல்வி போனில் இதையே கேட்டாள். பிறந்த நாளிலிருந்து எண்ணினேன். ஒரு வாரம்தானே தள்ளும், சரி என்றேன். அவர்கள் எண்ணியது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. ஐந்து வாரம் தள்ளிவிட்டது.

“ஆஸ்பத்திரில கெடந்ததெல்லாம் கணக்குல சேருமா?”

நடுவில் ஒரு போன் போட்டிருக்கலாம். விடைத்தாள் திருத்தும் வேலை. மூக்கை நுழைக்கிறேன் என்று நினைப்பார்களோ என்றும்.

ஆக. 14
கண் டாக்டர், சின்னப் பெண். சொட்டு மருந்து, இமையை விரிக்கும் கம்பி. அழுகை வராந்தா வரை.

“தும்பா லேட் ஆயித்து மேடம்.” கன்னடத்தில். ரொம்பத் தாமதமாம்.

வலது கண்ணில் விழித்திரை முழுக்கப் பிரிந்துவிட்டது. இடதில் பாதி. லேசர் கட்டம் தாண்டியாயிற்று. சனிக்கிழமை பெங்களூரு, இடது கண்ணுக்கு ஆபரேஷன். வெளிச்சம், நிழல் தெரிந்தால் அதுவே பெரிது.

என்ன காரணம் என்று கேட்டேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது:
29 வாரம்
1100 கிராம்
ஆக்ஸிஜன் 16 நாள்
ரத்தம் ஏற்றியது, 2 முறை
கிருமித் தொற்று
எடை கூடாதது

என் பெயர் அதில் இல்லை.

முதல் பரிசோதனையில் விழித்திரை நோய், இரண்டாம் கட்டம் என்றார்கள். அப்போதே படித்துப் பார்த்தேன்: பெரும்பாலும் தானாகச் சரியாகும். பெரும்பாலும்! புள்ளியியல் வாத்தியார் நான்.

செல்வி, ஆட்டோவில்: “ஆக்ஸிஜன வெச்சே கண்ணக் கெடுத்துப்போட்டானுங்க.” அது இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை என்று சொல்லவில்லை. அவள் அப்படியே நம்பட்டும் என்று ஒரு கணம். கேவலம்.

ஆக. 15
விடுமுறை. ரசம், அவரைக்காய். இருவரும் சாப்பிடவில்லை.

கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தை கால் உதைப்பதை நிறுத்துகிறான். “பாக்கறான் பாருங்க பெரியம்மா.” கேட்கிறான்.

சாயங்காலம் செல்வி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கவிதா என் முகத்தைப் பார்க்காமல்:

“அன்னிக்கி நான் பையெல்லாம் கட்டி வெச்சிட்டு நின்னேன் பெரியம்மா. அம்மாகூட ஒரே சண்டை. நீங்க சரின்னீங்கன்னு சொன்னாங்க. படிச்சவங்க சொல்றாங்களேன்னு பையப் பிரிச்சிட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, கொடியில் காயும் துணியை எடுக்கப் போனாள்.